கிழட்டு நாய்க்கு யார் வீடு தருவது? பஸ் ஸ்டாண்டு உத்தரவால் கீழ்பென்னாத்தூருக்கும் வந்த கேள்வி

கீழ்பென்னாத்தூர்-

குட்டி நாய் என்றால் "எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு" என்று போட்டி. அதே நாய்க்கு எட்டு வயசு ஆகி, ஒரு கால் நொண்டியாகி, ஒரு கண் மங்கிப் போனால்? "ஐயோ, வேணாம்பா!" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

இது கீழ்பென்னாத்தூர் கதை மட்டும் அல்ல. திருவண்ணாமலையிலும் இதே கதைதான், சென்னையிலும் இதே கதைதான். ஆனால் இன்றைக்கு இது வெறும் இரக்க சமாச்சாரம் அல்ல. சுப்ரீம் கோர்ட்டு, பேரூராட்சி, பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இதில் சம்பந்தப்பட்டு விட்டன.

எப்படி? கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

மூன்று மாதத்தில் மூன்று உத்தரவு

தெரு நாய்கள் பற்றி 2025-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டது.

முதல் உத்தரவு ஆகஸ்டு 11-ந் தேதி. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் ஆகியோர் போட்டது. டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும், திரும்ப வெளியே விடக் கூடாது என்றார்கள். நாடே இரண்டு பட்டது. "சரியான உத்தரவு" என்று ஒரு கூட்டம், "அநியாயம்" என்று ஒரு கூட்டம்.

பதினோரு நாள் கழித்து, ஆகஸ்டு 22-ந் தேதி, மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே நாயை விட்டு விடலாம். வெறி பிடித்த நாயையும், கடிக்கப் பாயும் நாயையும் மட்டும் விடக் கூடாது என்றார்கள். வழக்கையும் எல்லா மாநிலங்களுக்கும் விரித்தார்கள்.

மூன்றாவது உத்தரவு நவம்பர் 7-ந் தேதி வந்தது. நம் ஊருக்கு முக்கியமானது இதுதான். பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் ஸ்டாண்டு, ரெயில்வே ஸ்டேஷன் இங்கெல்லாம் இருக்கும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் ஊசியும் போட்டு, காப்பகத்துக்குக் கொண்டு போக வேண்டும். பிடித்த இடத்தில் மறுபடி விடக் கூடாது.

கோர்ட்டு காரணம் இல்லாமல் சொல்லவில்லை. 2024-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கு மேல் நாய்க்கடி பதிவாகி இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளை கடிபட்டால் பெற்றவர்கள் வயிறு எரியாதா? அந்தப் பயத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் கேள்வி அதற்கு அடுத்தபடி வருகிறது. பிடித்த நாய் எங்கே போகும்?

யாருக்கும் சொந்தம் இல்லாத நாய்

பஸ் நிற்கும் இடத்தில் திரிகிற நாயைக் கவனித்துப் பாருங்கள். டீக்கடையில் ஒரு பன் துண்டு, ஓட்டல் பின்பக்கம் எச்சில் சோறு, கறிக்கடையில் ஒரு எலும்பு. இப்படியே எட்டு வருஷம் ஓட்டி இருக்கும். செஞ்சி பஸ் எது, திருவண்ணாமலை பஸ் எது என்று அதற்கே தெரியும் போல, ஒதுங்கி நிற்கும். பகல் எல்லாம் தூக்கம். ராத்திரி கடை மூடின பிறகு ஷட்டர் ஓரத்தில் காவல்.

ஊருக்கே சொந்தமான நாய் அது. ஊருக்கே சொந்தம் என்றால், உள்ளபடி யாருக்கும் சொந்தம் இல்லை என்று அர்த்தம். உடம்பு நன்றாக இருக்கும் வரை அந்த வித்தியாசம் தெரியாது. திண்டிவனம் ரோட்டில் ஒரு லாரி இடித்துக் கால் போன அன்றைக்குத் தெரியும். அல்லது பிடிக்கிற வண்டி வந்து நிற்கிற அன்றைக்குத் தெரியும்.

"எங்க கடை நாய்ங்க, விட்டுடுங்க" என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது. கோர்ட்டு உத்தரவுப்படி அந்த இடத்தில் அதை விட முடியாது. காப்பகம் போக வேண்டும். இல்லை என்றால் யாராவது ஒருவர் தன் வீட்டு நாயாக ஏற்றுக் கொள்ள வேண்டும்.

அதற்கும் வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியவில்லை. ஆகஸ்டு 22 உத்தரவில், தெரு நாயை வளர்க்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி மன்றத்தில் மனு கொடுக்கலாம் என்று சொல்லி இருக்கிறது. அந்த நாய்க்கு அடையாளம் போட்டு மனுதாரரிடம் ஒப்படைப்பார்கள். நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு. அவ்வளவுதான்!

காப்பகம் ஏன் நிரம்புகிறது?

"அதான் காப்பகம் இருக்குதே, அங்கே போகட்டும்" என்று சொல்வது சுலபம். திருவண்ணாமலையில் அமெரிக்கப் பெண்மணி லெஸ்லி ராபின்சன் தொடங்கிய அருணாச்சலா விலங்குகள் சரணாலயம் இருக்கிறது. சென்னையில் கேப்டன் வி.சுந்தரம் 1959-ல் ஆரம்பித்த புளூ கிராஸ் இருக்கிறது. அடிபட்ட நாயை இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் ஜனங்கள் தூக்கிக் கொண்டு ஓடுகிறார்கள்.

ஆனால் காப்பகம் என்பது ரப்பர் அல்ல, இழுத்தால் நீள்வதற்கு. கணக்குப் பார்க்கலாம்.

ஒரு காப்பகத்தில் 100 நாய்க்கு இடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். குட்டிகள் வந்தால் யாராவது கேட்டு வாங்கிப் போய் விடுகிறார்கள். கருத்தடைக்கு வந்த நாய் சில நாளில் தன் தெருவுக்குத் திரும்புகிறது. எலும்பு முறிந்து வந்த இளம் நாய் இரண்டு மாதத்தில் எழுந்து ஓடுகிறது.

அப்போ தங்கிப் போவது யார்? கண் தெரியாதது. இடுப்புக்குக் கீழே செத்துப் போனது. மூன்று கால் நாய். பத்து வயசு கிழம். "வீடு மாறுகிறோம்" என்று சொந்தக்காரர் கொண்டு வந்து விட்டுப் போன பழைய வீட்டு நாய். இவற்றைக் கேட்டு யாரும் வருவது இல்லை. வருஷத்துக்குப் பத்துப் பத்தாகத் தங்கினால், செத்தவை போக, சில வருஷத்தில் பாதி இடம் இவற்றுக்கே போய் விடும். அப்புறம் இன்றைக்கு ராத்திரி ரோட்டில் அடிபட்ட நாய்க்கு இடம் ஏது?

இதையே திருப்பிப் பாருங்கள். எட்டு வயசு நாய் ஒன்று காப்பகத்தில் இன்னும் ஐந்து வருஷம் இருக்கும் என்று வையுங்கள். ஐந்து வருஷம் என்றால் 60 மாதம். அடிபட்ட ஒரு நாய் தேற இரண்டு மாதம். அந்த ஒரே இடத்தில் 30 நாய்கள் பிழைத்துப் போகலாம்!

ஒரு கிழட்டு நாயை ஒரு வீடு ஏற்றுக் கொண்டால், முப்பது நாய்க்கு ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைக்கிறது. குட்டியை எடுத்தால் இந்த லாபம் கிடையாது. குட்டி எப்படியும் போய் விடும். தேங்கி நிற்பது கிழம்தான். தேங்கின இடத்தைத் திறந்து விட்டால்தான் தண்ணீர் ஓடும்.

துருக்கி சொல்லும் பாடம்

கட்டடம் கட்டினால் தீர்ந்து போகும் என்று நினைப்பவர்கள் துருக்கி நாட்டைப் பார்க்கலாம். 2024 ஜூலையில் அங்கே தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள். அந்த நாட்டு சர்க்கார் கணக்குப்படி தெரு நாய்கள் சுமார் 40 லட்சம். அப்போது இருந்த 322 காப்பகங்களிலும் சேர்த்து இடம் 1 லட்சத்து 5 ஆயிரம் நாய்க்குத்தான்!

நம் நாட்டில் 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி தெரு நாய்கள் 1 கோடியே 53 லட்சம். எத்தனை கட்டடம் கட்டுவது? எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுப்பது?

கொன்று விட்டால்? அதையும் பார்த்தாகி விட்டது. பழைய சென்னை மாநகராட்சி நூறு வருஷத்துக்கு மேல் நாய்களைப் பிடித்துக் கொன்றது. 1995 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய் வரை கொன்றதாக புளூ கிராஸ் சொல்கிறது. நாய் குறைந்ததா? இல்லை. அதன் பிறகுதான் கருத்தடை, தடுப்பூசி என்று வழி மாறியது. 2001-ல் மத்திய சர்க்கார் இதற்கு விதிகளே போட்டது. 2023-ல் புதிய விதிகள் வந்தன.

ஆக, பிறப்பைக் குறைப்பது சர்க்கார் வேலை. பிறந்து வயசாகிப் போனதற்கு வீடு கொடுப்பது? அதை எந்த இலாகாவும் செய்ய முடியாது. வீட்டுக்காரர்கள்தான் செய்ய முடியும்.

குட்டியா, கிழமா- எது சுலபம்?

"கிழட்டு நாயை எவன் வச்சிப் பார்ப்பான்? செலவு!" என்பதுதான் பலர் பேச்சு. கடை வைத்திருப்பவர், ஆபீஸ் போகிறவர், பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வேலைக்குப் போய் வருகிறவர் என்று ஒவ்வொருவர் நிலையிலும் வைத்து நிதானமாக யோசித்தால் விஷயம் தலைகீழ்.

குட்டி நாய்க்கு ஒரு நாளைக்கு நாலு வேளை சோறு. ராத்திரி எல்லாம் கத்தல். செருப்பு மிஞ்சாது. கண்ட இடத்தில் மூத்திரம். தடுப்பூசிக்குத் திரும்பத் திரும்ப நடை. வளர்ந்த பிறகு சாதுவாக இருக்குமா, கடிக்குமா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது.

வயசான நாயின் குணம் தெரிந்த குணம். குழந்தைகளோடு பழகுமா, பூனையைக் கண்டால் துரத்துமா, கயிறு கட்டினால் முரண்டு பிடிக்குமா என்று காப்பகத்தில் கேட்டால் சொல்லி விடுவார்கள். இரண்டு வேளை சோறு போதும். ஒரு கோணிப்பை போட்டால் படுத்துக் கொள்ளும். பெரும்பாலும் கருத்தடை ஆகி இருக்கும். காதில் சின்ன வெட்டு இருந்தால் அதுதான் அடையாளம்.

"மூணு கால் நாய் காவல் காக்குமா?" என்று கேட்பவர்களும் உண்டு. குரைப்பது வாய் ஐயா, கால் அல்ல! மல்லாட்டைக் கொல்லையில் காவலுக்கு ஓடுகிற நாய் வேண்டும் என்றால் அது வேறு. வீட்டு வாசலுக்கும் கடை வாசலுக்கும் குரல் கொடுக்க மூன்று கால் தாராளம். ஒரு கால் போன நாய் சில வாரத்திலேயே மற்ற மூன்றில் நடக்கப் பழகி விடும்.

கண் தெரியாத நாயும் அப்படித்தான். மூக்கும் காதும்தான் அதற்குக் கண். வீட்டில் கட்டிலையும் அண்டாவையும் அடிக்கடி இடம் மாற்றாமல் இருந்தால் போதும், ஒரு வாரத்தில் வீடு மனப்பாடம். கிணற்றுக்கும் மாடிப்படிக்கும் மட்டும் தடுப்பு வேண்டும். காது கேட்காத நாய்க்குக் கை ஜாடை போதும். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், திடுக்கிட்டுக் கவ்வி விடும். தரையைத் தட்டினால் அதுவாக எழும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியது

இதில் கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். கஷ்டமும் உண்டு, தெரிந்து கொண்டுதான் இறங்க வேண்டும்.

இடுப்புக்குக் கீழே செயல் இழந்த நாய்க்குத் தானாக மூத்திரம் வராது. ஒரு நாளைக்குப் பல தடவை வயிற்றைப் பக்குவமாக அமுக்கி எடுக்க வேண்டும். இல்லா விட்டால் கிருமி தாக்கும். தரையில் இழுத்து இழுத்துப் புண் ஆகும். சக்கர வண்டி கட்டி விட்டால் ஓடும், ஆனால் நாள் முழுக்க அதில் விட முடியாது. வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருந்தால்தான் இது நடக்கும். காலை ஏழு மணிக்குப் பூட்டிக் கொண்டு போய் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவர்கள் இதற்கு ஆசைப்படக் கூடாது. அவர்களுக்குத் தூங்கிப் பொழுது போக்குகிற கிழமே சரி.

வயசான நாய்க்குப் பல் ஆடும், மூட்டு வலிக்கும், சிறுநீரகம் கெடும். சோற்றைக் குழைத்துப் போட வேண்டும். உப்பு, காரம், வெங்காயம் ஆகாது. சாக்லெட்டும் திராட்சையும் விஷம். இன்னொன்று முக்கியம்: மூட்டு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் மனுஷர் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். நாயின் வயிறும் சிறுநீரகமும் போய் விடும். அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டரைக் கேட்டுத்தான் எதுவும்.

வருஷா வருஷம் வெறிநோய் ஊசி கட்டாயம். மனிதரை எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அது வீட்டு நாயே ஆனாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் எல்லாம் வேண்டாம். வெறிநோய் முற்றி வெளியே தெரிந்த பிறகு வைத்தியம் கிடையாது.

கைக்குழந்தையை நாயோடு தனியே விடக் கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். மூன்று மாதம் வைத்து விட்டுத் திருப்பிக் கொண்டு வந்து விடுவதுதான் நாய்க்குப் பெரிய தண்டனை.

புது வீட்டில் முதல் மூன்று நாள் அது மூலையில் ஒடுங்கும், சாப்பிடாது. பயப்படாதீர்கள். மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம் பிடிபடும். மூன்று மாதத்தில் உங்கள் நாய் ஆகி விடும். அனுபவஸ்தர்கள் சொல்கிற கணக்கு இது.

கடைசியில் சாவு. ஏழு எட்டு வயசில் எடுக்கும் நாய் இன்னும் நாலைந்து வருஷம் இருக்கலாம், இரண்டு வருஷத்திலும் போகலாம். "பழகிட்டு செத்துப் போச்சுன்னா மனசு தாங்காது" என்று பெண்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நம் வீட்டில் சாகா விட்டால் அது ரோட்டு ஓரத்தில் சாகப் போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த மாவட்டத்துக்கு இது புதுசும் அல்ல. திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். லட்சுமி பசு, ஒரு மான், ஒரு காகம், ஜாக்கி என்ற நாய் ஆகியவற்றுக்கு அங்கே சமாதி இருக்கிறது. ஜாக்கி நோயில் விழுந்தபோது அதற்குப் படுக்கை போட்டு, கடைசி வரை ரமண மகரிஷியே கவனித்தார். ஓடி ஆடிய காலத்தில் கொஞ்சுவதை எல்லாரும் செய்வார்கள். படுத்த பிறகு பார்ப்பதுதான் பார்ப்பது.

50 ரூபாய் சட்டம்

கிழட்டு நாயைத் தெருவில் விடுகிறவர்களைச் சட்டம் என்ன செய்கிறது? 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினி கிடந்து தவிக்கும் நிலையில் ஒரு பிராணியைக் கை விட்டு விட்டுப் போவது குற்றம். முதல் தடவை அபராதம் என்ன தெரியுமா? 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை! 1960-ல் 50 ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் போயே போச்சு.

ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சாதி நாய்க்குட்டி வாங்குகிறார்கள். தோல் வியாதி வந்ததும், வயசானதும், பௌர்ணமிக் கூட்டத்தில் கிரிவலப் பாதையில் இறக்கி விட்டு விட்டுப் போனால் கேட்பது யார்? தெருவிலேயே பிறந்த நாய்க்காவது தெருவில் பிழைக்கத் தெரியும். சோபாவில் வளர்ந்த நாய்க்கு அதுவும் தெரியாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நாலு காரியம் போதும்.

பேரூராட்சி ஆபீசில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். பஸ் நிற்கும் இடம், பள்ளி, ஆஸ்பத்திரி வளாகம் இவற்றில் இருக்கும் நாய்கள் எத்தனை, அதில் கிழடு எத்தனை, நொண்டி எத்தனை என்று எழுத வேண்டும். வளர்க்க விரும்புகிறவர் மனு கொடுத்தால் அலைய விடாமல் முடித்துக் கொடுக்க வேண்டும்.

பிடிக்கிற வண்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே கடைக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எட்டு வருஷம் சோறு போட்டவருக்கு, வீட்டுக்குக் கூட்டிப் போக ஒரு வாய்ப்பாவது தர வேண்டாமா?

காப்பகம் நடத்துகிறவர்கள் நோயை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுக்கலாம். ஒத்து வந்தால் வைத்துக் கொள்ளட்டும், இல்லை என்றால் முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். இந்தப் பயம் போனாலே பாதிப் பேர் முன் வருவார்கள்.

நாலாவது காரியம் நம்முடையது. வீட்டில் நாய் வளர்க்க எண்ணம் இருந்தால், குட்டி விற்கிற இடத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை காப்பகத்துக்குப் போய் வாருங்கள். வாலை ஆட்டிக் கொண்டு முன்னால் ஓடி வருகிற குட்டியை விடுங்கள். பின்னால் சுவர் ஓரம், எழுந்து வரலாமா வேண்டாமா என்று பார்த்துக் கொண்டு ஒன்று படுத்திருக்கும். அதன் பெயரைக் கேளுங்கள்.

எல்லாரும் எடுக்க வேண்டும் என்று இல்லை. தெருவுக்கு ஒரு வீடு முன் வந்தால் போதும். காப்பகத்தில் இடம் காலியாகும், கோர்ட்டு உத்தரவும் நிறைவேறும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயம் குறையும். கடை வாசலில் எட்டு வருஷம் காவல் காத்ததற்கும் ஒரு கணக்குத் தீரும்.

பேரூராட்சி பதிவேட்டைத் திறக்குமா? வீட்டுக்காரர்கள் கதவைத் திறப்பார்களா?